பேட்டரி மேலயே பழி போடாதீங்க!

செமஸ்டர் லீவு முடிஞ்சு திரும்பற முதல் நாள் நம்ம ஹாஸ்டல் பார்க்கிங்கைப் பார்த்திருக்கீங்களா? பாதிப் பேர் பைக்கைத் தள்ளிக்கிட்டு இருப்பாங்க. செல்ஃப் அழுத்தினா 'டக் டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். சுத்தி நிக்கிற எல்லாரும் ஒரே தீர்ப்பு சொல்வாங்க: "பேட்டரி போச்சு மச்சி, மாத்திடு."

நானும் போன வருஷம் அதைக் கேட்டுத்தான் மாத்தினேன். மெஸ் பில்லுக்கு வெச்சிருந்த காசு. புது பேட்டரி மூணே வாரத்துல படுத்துடுச்சு. கடைசியில பார்த்தா, ரெக்டிஃபையர் யூனிட்டோட கனெக்டர் கருகிக் கிடக்குது. பேட்டரிக்குச் சார்ஜே போகல. அதைக் காட்டிக் கொடுத்தது, லேப்ல நாம சும்மா திருகிக்கிட்டு இருக்கிற மல்டிமீட்டர்தான்.

அதனால என் கருத்து இதுதான்: அளக்காம எதையும் மாத்தாதீங்க.

முதல்ல டெர்மினலைப் பாருங்க. லூஸா இருந்தாலோ பூஞ்சை மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தாலோ சுத்தம் பண்ணி இறுக்குங்க. பல கேஸ் இங்கயே முடிஞ்சிடும்.

அடுத்து, வண்டி ஆஃப்ல இருக்கும்போது பேட்டரியை அளங்க. முழுசா சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல காட்டணும். 12-க்குக் கீழேன்னா கிட்டத்தட்ட காலி. காலியா இருக்கிறதும் கெட்டுப்போனதும் ஒண்ணு இல்லை. முழுசா சார்ஜ் போட்டு, சில மணி நேரம் விட்டு, மறுபடி அளங்க. அப்பவும் செல்ஃப் அழுத்தும்போது 9.5-க்குக் கீழ விழுந்தா, சரி, பேட்டரியைக் குறை சொல்லலாம்.

மூணாவதா, வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டரை முறுக்குங்க. மீட்டர் 13.5-லிருந்து 14.5-க்குள்ள வரணும். ஏறவே இல்லைன்னா சார்ஜிங்ல கோளாறு. 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் பேட்டரியை வேக வைக்குதுன்னு அர்த்தம். அப்படிப்பட்ட வண்டியில புது பேட்டரி போடறது, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதைதான்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்"னு நினைக்காதீங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள்ல ஃப்யூயல் இன்ஜெக்ஷன். பெட்ரோல் பம்ப் ஓடவே கரண்ட் வேணும். பல மாடல்கள்ல கிக்கரும் இல்லை. பேட்டரி சுத்தமா செத்துட்டா, தள்ளித் தள்ளி நீங்கதான் களைச்சுப் போவீங்க. ராத்திரி பத்து மணிக்கு பைபாஸ்ல நின்னு பார்த்தவங்களுக்கு அது புரியும்.

மெக்கானிக் அண்ணன்களை நான் குறை சொல்லல. வரிசையில பத்து வண்டி நிக்கும்போது ஒவ்வொண்ணா அளந்து பார்க்க அவங்களுக்கு ஏது நேரம்? ஆனா நமக்கு நேரம் இருக்கு. பிரிட்ஜ் ரெக்டிஃபையர் படம் வரைஞ்சு மார்க் வாங்கறோம். அதே ரெக்டிஃபையர் நம்ம சீட்டுக்கு அடியில இருக்குன்னு தெரியாமலே டிகிரி வாங்கிட்டுப் போறோம். எனக்கு அந்த மூணு வாரத்துல போன காசைவிட அதிகமா உறுத்தினது இதுதான்.

இந்த லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது நெகட்டிவ் வயரை மட்டும் கழட்டி வெச்சுட்டுப் போங்க. திரும்பி வந்ததும் வண்டி மக்கர் பண்ணினா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி பக்கத்து ரூம்ல ஒரு மல்டிமீட்டர் கேளுங்க. அஞ்சு நிமிஷம் போதும்.