துருப்பிடித்த காருக்கு 10 ஆயிரம் ரூபாய்!

பழைய கார்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது சோதனைக் காலம்.

20 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க, 2025 ஆகஸ்டு முதல் 10 ஆயிரம் ரூபாய் கட்டணம். 2022 ஏப்ரலுக்கு முன்பு இது வெறும் 600 ரூபாய்தான்! 5 ஆண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். வீட்டில் நான்கு கார் நின்றால் 40 ஆயிரம் ஆகிறது.

காரைக்கால் வட்டாரத்தில் வரிச்சிக்குடி போன்ற ஊர்களில் இன்னொரு வரியும் உண்டு. அதை வசூலிப்பது உப்புக் காற்று.

துரு வெளியே தெரியும்போது, உள்ளே பாதித் தகரம் போயிருக்கும். கதவின் அடிப்பக்கம், மட்கார்டின் உள்மடிப்பு, கால் வைக்கும் தரை ஆகிய இடங்களில்தான் ஈரம் தங்கும். கதவின் அடியில், நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மண் அடைத்துக் கொண்டால் கதவே தண்ணீர்த் தொட்டிதான்! மேலே பெயிண்ட் பூசி மறைப்பது வீண் செலவு. நல்ல தகரம் தெரியும் வரை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும்.

50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி செய்தது. முதலில் 20 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5 ஆயிரம் போதும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது.

தாத்தாவுக்கு மரியாதை, சரிதான். அப்பாவின் கதி என்ன?

1985-ல் வாங்கிய அம்பாசிடருக்கு அந்த மரியாதை கிடைக்க 2035 ஆக வேண்டும். அதுவரை முழுக் கட்டணம்தான். அம்பாசிடர் உற்பத்தியும் 2014-லேயே நின்று விட்டது. உப்புக் காற்று மட்டும் நிற்கவில்லை.