கோட்டைக்குப் போகுமுன்...



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் பயணம் பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். இம்மாதம் புத்தளத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய பிள்ளைகள் இருவரும் வரலாற்றுப் பாடத்தில் யாழ்ப்பாணக் கோட்டையைப் படித்துவிட்டு, அதை நேரில் பார்க்க வேண்டுமென்று நச்சரிக்கிறார்களாம். "ஒரே நாளில் போய் வரலாமா? எப்படித் திட்டமிடுவது? உம்மாவையும் கூட்டிப்போக எனக்கு ஆசை. அவர் சோனகதெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990இல் வெளியேறிய பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. கூப்பிட்டால், 'நீங்கள் போய் வாருங்கள், எனக்கு அங்கே என்ன இருக்கிறது?' என்கிறார். என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பயணத்தைப் பார்ப்போம். உம்மாவின் பதிலைப் பிறகு பார்ப்போம்.

புத்தளத்திலிருந்து அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் ஏறக்குறைய 270 கிலோமீற்றர். வானில் போனாலும் இடையில் இறங்கித் தொழுது, தேநீர் குடித்துப் போக ஆறு மணி நேரமாகும். போக ஆறு, வர ஆறு என்றால் பிள்ளைகள் வானைத்தான் பார்ப்பார்கள், கோட்டையைப் பார்க்கமாட்டார்கள். எனவே கோட்டைக்கு ஒரு நாள், பாதைக்கு முன்னும் பின்னும் ஆளுக்கு அரை நாள் என்று வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து புறப்பட்டால் இரவுக்குள் யாழ்ப்பாணம் சேரலாம். சனிக்கிழமை முழுவதும் உங்களுக்கு. ஞாயிறு காலை திரும்பலாம். ஜும்ஆவைத் தவறவிட்டுப் பயணம் புறப்படும் தர்மசங்கடமும் இராது. ரயிலில் போக விரும்புவோர் அநுராதபுரத்தில் ஏறலாம். போரினால் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கியது.

ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை அங்கே மழைக்காலம். ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறைகளில் வெயில் கொளுத்தும். கோட்டை மதில்மேல் நிழல் கிடையாது. அதனால் காலையில் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். குடிக்கவும் வுழூச் செய்யவும் தண்ணீர், தொப்பி, குடை, ஒரு பாய் இவை போதும். காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் செலவும் குறையும், ஹலாலா என்று தேடி அலையவும் வேண்டியதில்லை. பகல் சாப்பாட்டை நகரில் பார்த்துக்கொள்ளலாம். மதிலின் ஓரங்களில் கைப்பிடியில்லாத இடங்கள் இருப்பதால் சின்னவனின் கையை விடாதீர்கள்.

இனி, பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது? வெறும் கல்லைக் காட்டினால் அரை மணியில் சலித்துவிடும். கல்லின் கதையைச் சொன்னால் அரை நாள் போதாது.

நல்லூர் இராச்சியத்தை 1619இல் வீழ்த்திய போர்த்துக்கேயர் இங்கே முதலில் ஒரு சதுரக் கோட்டையைக் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டு அதைப் பிடித்து, ஐந்து முனைகள் கொண்ட நட்சத்திரக் கோட்டையாக மாற்றினார்கள். வாயிலில் 1680ஆம் ஆண்டைப் பொறித்த கல்லைப் பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். வெளிமதில் வேலை 1792இல்தான் முடிந்தது. மூன்றே ஆண்டுகளில், 1795இல், ஆங்கிலேயர் சண்டையின்றிக் கோட்டையைக் கைப்பற்றிக்கொண்டார்கள். நூறாண்டுக்கும் மேலாகக் கட்டியவர்களுக்கு அனுபவிக்கக் கிடைத்தது மூன்று ஆண்டுகள்! முன்னோர் கட்டிய கோட்டைகள் என்னவாயின என்று பூமியில் நடந்து பாருங்கள் என அல்குர்ஆன் பல இடங்களில் சொல்வதன் பொருளை இதைவிட எளிதாகப் பிள்ளைகளுக்கு விளக்க முடியுமா?

மதிலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கல்லோடு கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லும் அதில் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் கடலுயிர்களின் கோலம் கல்லில் தெரியும்.

நம் பிள்ளைகள் அறியவேண்டிய இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. 1344இல் இலங்கை வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தது எங்கே தெரியுமா? நீங்கள் இன்று வாழும் புத்தளத்தில்தான். மன்னர் அவரை மதித்து உபசரித்து, பாவா ஆதம் மலைக்குப் போக உதவியும் செய்தார். கோட்டை எழுவதற்கு 275 ஆண்டுகளுக்கு முன்பே புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முஸ்லிம்களுக்கும் இப்படி ஓர் உறவு இருந்திருக்கிறது.

மற்றது, கோட்டை எழுந்து சில ஆண்டுகளில், 1626இல், போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற உத்தரவிட்டார்கள். அப்போது கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தார். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்கிறது வரலாறு. துரத்தியவர்களும் இருந்தார்கள், இடம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உள்ளே போனால் இடிந்த சுவர்களைப் பார்த்து, "இதை யார் உடைத்தது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1706இல் கட்டிய சிலுவை வடிவ ஒல்லாந்தத் தேவாலயம் இன்று கற்குவியல். 1990 ஜூனில் தொடங்கிய போரில், கோட்டைக்குள் இருந்த இராணுவத்தை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டார்கள். மேலேயிருந்து குண்டு, கீழேயிருந்து ஷெல். செப்டெம்பர் 26இல் இராணுவம் கோட்டையை விட்டு வெளியேறியது. பிறகு புலிகள் கோட்டையின் பல பகுதிகளை உடைத்தார்கள். போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு திருத்த வேலை நடந்தது.

இந்த இடத்தில்தான், சகோதரியே, உங்கள் உம்மாவின் பதில் வருகிறது. கோட்டை கைமாறி ஐந்து வாரமும் ஆகவில்லை. அதே 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி காலை சோனகதெருவில் ஒலிபெருக்கி அறிவித்தது. ஒஸ்மானியாக் கல்லூரி அருகே ஜின்னா மைதானத்தில் மக்களைக் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று புலிகள் கட்டளையிட்டார்கள். நகையும் பணமும் பறிபோயின. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலும் சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிள்ளைகளுக்குக் கோட்டையும் சோனகதெருவும் இரண்டு பாடங்கள். உங்கள் உம்மாவுக்கு அவை ஒரே மாதத்தின் ஓசை. "எனக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்று அவர் சொல்வது கோபமல்ல. போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று கண்டுவிட்டால் மனம் தாங்காதே என்ற அச்சமாகவும் இருக்கலாம். ஆகவே வற்புறுத்தாதீர்கள். 'பழசை மறந்துவிட்டு வாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தை அவரிடம் மெல்ல எடுத்துச் சொல்லலாம். நம் நபி (ஸல்) அவர்கள் பிறந்த ஊர் மக்கா. அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. எட்டு ஆண்டுகளின் பின் வெற்றியோடு அங்கே வந்தபோது, எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. அபூதாலிபின் மகன் அகீல் நமக்கென்று ஒரு வீட்டையாவது விட்டுவைத்தாரா என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். குடும்பத்து வீடுகள் விற்கப்பட்டிருந்தன. நபியவர்கள் தம் சொந்த ஊரில் கூடாரத்தில் தங்கினார்கள். தொழுகையைப் பயணியைப் போலவே சுருக்கித் தொழுதார்கள். வீடு போனதைச் சொல்லாமல் மறைக்கவுமில்லை, அதற்காக ஊரைத் தண்டிக்கவுமில்லை. பொதுமன்னிப்பு வழங்கினார்கள். சொந்த ஊருக்குப் பயணியாகப் போவதில் கேவலம் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உங்கள் தொழுகைச் சட்டமும் இதிலேயே அடங்குகிறது. புத்தளத்தை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவர் இரண்டு மூன்று நாளுக்கு யாழ்ப்பாணம் போனால், ஷாபிஈ மத்ஹபின்படி அவர் பயணிதான். லுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழலாம். உம்மாவின் நிலை பற்றி ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் வர இணங்கினால் அன்றைய நாளை அவரைக் கேட்டே அமையுங்கள். கோட்டை முதலா, தெரு முதலா என்பதை அவரே சொல்லட்டும். காலையில் கோட்டையில் நிழலான ஓரிடத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் மதிலைச் சுற்றி வரலாம். திரும்பும் வழியில், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட பொது நூலகத்தைக் காட்டுங்கள். லுஹருக்குச் சோனகதெருப் பள்ளிவாசல். பெண்களுக்கு இட வசதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதன்பின் மையவாடிப் பக்கம் போய் அங்குள்ளோருக்கு ஸலாம் சொல்லி துஆச் செய்யுங்கள். பிறகு, அவர் விரும்பினால் மட்டும், வீடு இருந்த இடம். அங்கே இப்போது வேறொருவர் குடியிருந்தால், பணம் கொடுத்து வாங்கியவராக இருக்கலாம். வாசலில் நின்று மரியாதையாக விஷயத்தைச் சொல்லுங்கள். உள்ளே அழைத்தால் போங்கள், அழைக்காவிட்டால் ஸலாமத்தாகத் திரும்புங்கள். காணிப் பிரச்சினை ஏதுமிருந்தால் அதை வேறொரு நாளைக்கு, உறுதியோடும் சட்டத்தரணியோடும் பேச வேண்டும். பிள்ளைகள் முன்னிலையில் தெருவில் பேசுவதல்ல. வெயில் தாழ்ந்தபின் பண்ணைக் கடற்கரையில் சற்று உட்காருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். நம்மவர் வெளியேறிச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். நம்மை வெளியேற்றியது தவறு என்பதை 2002இல் புலிகளின் தரப்பிலிருந்தே அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். அநியாயத்தை அநியாயமென்றே பெயர் சொல்லிச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் அதைச் செய்யாத ஒரு சனத்தின் மேல் பகையைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இம்முறை உம்மா வரமாட்டேன் என்றே சொல்லிவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். புறப்படுமுன் பேரப்பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தாளில் தெருவைக் கீறித் தரச் சொல்லுங்கள். பள்ளிவாசல் எங்கே, கிணறு எங்கே, படித்த பள்ளிக்கூடம் எங்கே என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். அந்தத் தாளோடு போய், எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து வந்து அவரிடம் சொல்லட்டும். அடுத்த விடுமுறைக்கு அவரே முதலில் பையைக் கட்டினாலும் கட்டுவார், இன்ஷா அல்லாஹ்.

அநீதி இழைக்கப்பட்டவர், பயணி, பிள்ளைக்காகக் கேட்கும் பெற்றோர் ஆகிய மூவரின் துஆவும் தட்டப்படுவதில்லை என்பது நபிமொழி தரும் நற்செய்தி. உங்கள் உம்மாவுக்கு மூன்று தகுதியும் அந்தப் பாதையில் சேர்ந்து அமையும். நமக்காகவும் துஆச் செய்யச் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.