பெட்டியில் வரும் வீடு

கிறிஸ்து பிறப்பு விழாவை முன்னிட்டு, இஞ்சியும் தேனும் சேர்த்துப் பிசைந்த மாவால் சிறு வீடு கட்டுவது ஜெர்மனி நாட்டு இல்லங்களின் பழைய வழக்கம். திருவருகைக் கால மாலைகளில் மாவைத் தேய்த்து, சுவர்களாகவும் கூரையாகவும் வெட்டிச் சுட்டு, சர்க்கரைப் பசையால் ஒட்டி, மிட்டாய்களால் அழகுபடுத்துவர். விழா முடிந்ததும் உடைத்து உண்பர். இன்று அதே இஞ்சிரொட்டி வீடு அட்டைப் பெட்டியில் விலைக்கு வருகிறது. ஏற்கெனவே சுட்ட சுவர்கள், அளவாய் வெட்டிய கூரை, பையில் அடைத்த பசை, எண்ணி வைத்த மிட்டாய்கள்! சிறிது நேரத்தில் வீடு எழுந்துவிடும். இந்தப் பெட்டியை வரவேற்க நம்மால் இயலவில்லை.

இந்த அப்பத்தின் வரலாறு நீண்டது. சுற்றிலும் தேன் மிகுந்த காடும், வணிகப் பாதைகளும் வாய்த்த நூரம்பர்க் நகரில், இதனைச் சுடுவோருக்கென்றே 1643-இல் தனிக் கைவினைச் சங்கம் அமைந்தது. மாவு தட்டில் ஒட்டாதிருக்க, ஒப்லாட்டன் எனப்படும் மெல்லிய தகட்டின்மேல் வைத்துச் சுட்டனர். நற்கருணை அப்பத்தை ஒத்த தகடு அது. 'காணிக்கையாக அளிக்கப்பட்டது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. ஜெர்மானியர் இவ்வப்பத்தை 'மிளகு அப்பம்' என்றும் வழங்கினர். மிளகும் ஏலமும் மலபார்க் கரையிலிருந்தும், பட்டை இலங்கையிலிருந்தும் கடல் கடந்து சென்றவை. பல நாட்டுக் கைகளின் உழைப்பு ஒரு துண்டு அப்பத்தில் சேர்ந்திருந்தது. கடைசிக் கையாகிய குழந்தையின் கையை மட்டும் விலக்கிவிடுவது முறையாகுமா?

கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட ஹான்சல், கிரேட்டல் கதையைப் பலரும் அறிவர். பஞ்சத்தால் காட்டில் கைவிடப்பட்ட அண்ணனும் தங்கையும் பசியோடு அலைகையில், ரொட்டியால் கட்டிய வீடொன்றைக் காண்கின்றனர். அதன் கூரை இனிப்பு அப்பம்; சாளரம் சர்க்கரை. 1893-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் வைமர் நகரில் ஹம்பர்டிங்கின் இசைநாடகமாக அக்கதை அரங்கேறியது. அன்றுமுதல் கிறிஸ்து பிறப்புக் காலத்தோடு அது இணைந்துவிட்டது. அக்கதையில் எல்லாம் முடிந்து ஆயத்தமாய் நின்ற வீடு யாருடையது? பிள்ளைகளைக் கவர்ந்து பிடிப்பதற்கென்றே சூனியக்காரி கட்டிவைத்த வீடு அது. பெட்டி விற்போர் இதனை மறந்திருக்கலாம், பெற்றோர் மறக்கலாகாது.

பெட்டி நமக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது என்பர். மிச்சமாவது எது என்று எண்ணிப் பார்ப்போம். பிசைந்த மாவு ஓர் இரவாவது ஓய்ந்திருக்க வேண்டும். சுட்டெடுத்த பலகையின் ஓரங்களைச் சூடு ஆறுமுன் செதுக்க வேண்டும். சாளரத்துக்காக வெட்டிய துளையில் மிட்டாய்த் தூளை இட்டு அடுப்பில் வைத்தால், அது உருகிக் கண்ணாடிபோல் உறையும். முட்டை வெண்கருவும் பொடித்த சர்க்கரையும் கலந்த பசை நன்கு இறுகும்வரை சுவர்மீது கூரையை ஏற்றலாகாது. அவசரப்பட்டால் கூரை வழுக்கி விழும். விழுந்ததைக் குழந்தையே எடுத்து மறுபடி ஒட்டும். காத்திருக்கக் கற்பிப்பது திருவருகைக் காலம் என்று மறையுரையில் கேட்கிறோம். அப்பாடத்தைக் குழந்தை தன் விரலால் கற்கும் இடம் இந்த அடுக்களை மேசை. பெட்டி மிச்சப்படுத்துவது இந்தக் காத்திருப்பையே.

"வேலைக்கும் சென்று வீட்டையும் காக்கும் தாய்க்கு இத்தனைக்கும் பொழுதேது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தாயின் சுமை குறைய வேண்டுமானால், தந்தையும் மகனும் மாவில் கைவைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை பிசையலாம், மறுநாள் சுடலாம், அடுத்த வாரம் கட்டலாம். உள்ளங்கை அளவு சுவர்கள் நான்கு போதும். சுடும் அடுப்பு இல்லாதோர் கடையில் வாங்கிய சாதாரண பிஸ்கட்டுகளைக் கொண்டே கட்டட்டும். அதிலும் குழந்தையின் திட்டமும் தவறும் இருக்கும்.

"சுவர் கோணலாகுமே, காண்போர் நகைப்பாரே" என்பது மற்றொரு தயக்கம். நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் 1991 முதல், பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் சுட்டுத் தரும் வீடுகளைக் கொண்டு ஒரு சிறு நகரமே அமைக்கின்றனர். 2009 நவம்பரில் ஓரிரவில் அதனை எவரோ அடித்து நொறுக்கினர். நகர மக்கள் மீண்டும் மாவு பிசைந்தனர். அந்த ஆண்டு விழாவுக்கே அது திரும்ப எழுந்தது. வீடு கட்டத் தெரிந்த கைகள் ஊரெங்கும் இருந்தமையால் அன்றோ இது கூடிற்று!

பெட்டி வீட்டின் முடிவையும் காண்போம். ஒளிப்படம் எடுத்தபின் அது தூசி படிந்து நிற்கிறது. இறுகிப்போன அதன் சுவரை உண்ண எவரும் விரும்பார். பின்னர் குப்பைக்குச் செல்கிறது. பஞ்சத்தில் பசித்த இரு பிள்ளைகளின் கதையை நினைவூட்டும் அப்பம் குப்பையில் விழுவது நமக்கு உறுத்தவில்லையா? வீட்டில் சுட்டதோ உடைபடுவதற்காகவே கட்டப்படுகிறது. யாருக்குக் கூரை, யாருக்குக் கதவு என்று பிள்ளைகள் பங்கிடுவர். அண்டை வீட்டாருக்கும் ஒரு துண்டு செல்லும்.

ஜெர்மனியிலும் நார்வேயிலும் குடியேறி வாழும் நம் உறவினரின் பிள்ளைகளும் இன்று இவ்வீட்டை அறிவர். அவர்களுடைய பெற்றோருக்கு நம் வேண்டுகோள் இது: இவ்வாண்டு அப்பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். இஞ்சியும் பட்டையும் கிராம்பும் உங்கள் அடுக்களையில் எப்போதும் உண்டு. மாவும் தேனும் வாங்கினால் போதும். இங்கே ஆயத்தக் குடிலை விலைக்கு வாங்கி வைக்கத் தொடங்கியுள்ள நாமும், வைக்கோலும் மூங்கிலும் தேடப் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வோம்.