கறுப்புக்குள் எத்தனை கறுப்பு

போன மாதம் ஒரு தம்பி, தன் பாட்டியின் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டமிட்டுத் தரச் சொன்னார். அடுப்படி வாசலில், சன்னல் வெளிச்சத்தில் நான் எடுத்த படம். நல்ல கறுத்த முகம், பின்னால் புகையேறிய சுவர். மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார்.

“அண்ணே, ஒரே இருட்டா இருக்கே. கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்களேன்.”

நண்பகல் வெயிலில், பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்திருக்கிறார். கைபேசிக் கண்ணாடியில் வானம் பளபளக்கும்போது படத்தின் அடர்நிறங்கள் எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, அனுப்பும்போதே படம் சுருங்கிவிடுகிறது. அப்படிச் சுருக்கும்போது மென்பொருள் முதலில் கழித்துப் போடுவது நுண்ணிய வேறுபாடுகளைத்தான்.

என் கேமராவின் மூலக் கோப்பு 14 பிட். நிறம் ஒன்றுக்கு 16,384 படிகள் பதிய இடமுண்டு. ஜேபெக் ஆக்கினால் 256. அதிலும் அடியில் உள்ள பத்துப் பதினைந்து படிகளைப் பல திரைகள் ஒரே கறுப்பாகத்தான் காட்டும். பாட்டியின் கொண்டை முடியும் இடமும் சுவர் தொடங்கும் இடமும் அந்தப் படிகளுக்குள்தான் இருக்கின்றன.

நான் டார்க் ரூமில் தொழில் கற்றவன். தாள் டெவலப்பரில் கிடக்கையில், கன்னத்துக் கறுப்பு வேறு, கண்குழிக் கறுப்பு வேறு என்று பிரிந்து வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். அப்போதும் கறுத்த முகங்களுக்கு நியாயம் கிடைத்துவிடவில்லை. 1950களில் கோடக் நிறுவனம் லேப்களுக்குக் கொடுத்த ஷெர்லி அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அதை வைத்தே நிறத்தைச் சரிபார்த்தார்கள். இன்று கைபேசியின் அழகூட்டும் வசதி, கேட்காமலே கன்னத்தை வெளுத்து வழவழப்பாக்குகிறது. அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உள்ளபடி இருக்கும் முகம் இருட்டாகத் தோன்றுகிறது. வெளிச்சத்தை ஏற்றித் தருவது எனக்கு ஒரு நொடி வேலை. ஆனால் பாட்டியின் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும்.

தம்பியைக் கடைக்கு வரச் சொல்லி, அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். “மூக்குத்தித் தழும்புகூடத் தெரியுதுண்ணே” என்றார். வெளுக்காமலே வாங்கிப் போனார்.

ஒரு படத்தை இருட்டு என்று ஒதுக்கும் முன், தயவுசெய்து நிழலுக்கு வாருங்கள். திரையின் ‘விவிட்’ அமைப்பையும் கண்ணைக் காக்கும் மஞ்சள் ஒளியையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் படமென்றால், ஒரு முறையாவது அச்சடித்துப் பாருங்கள்.