'தண்ணியில்லாத காட்டில்' 4 ராம்சர் ஈரநிலங்கள்... பட்டம் வந்தாச்சு, வைகைத் தண்ணீர் வருமா?

"தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்" என்று அதிகாரி மிரட்டினால், தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ராமநாதபுரம். அந்த மாவட்டத்தில்தான் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற 4 ராம்சர் ஈரநிலங்கள் இருக்கின்றன. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022-ல் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் 2025 பிப்ரவரியில் சேர்ந்தன. மன்னார் வளைகுடா இந்தக் கணக்கில் இல்லை, அது தனி.

வறண்ட பூமிக்கு இவ்வளவு ஈரநிலம் எப்படி வந்தது? பட்டம் கிடைத்த பிறகும் அவை காய்ந்து போகுமா?

எல்லாமே கண்மாய்தான்!

இந்த நான்கும் இயற்கையாக உருவான ஏரிகள் அல்ல. பாசனத்துக்காக மனிதர்கள் கரை போட்டுக் கட்டிய கண்மாய்கள். (வட மாவட்டக்காரர்கள் ஏரி என்பதைத்தான் பாண்டிய நாட்டில் கண்மாய் என்கிறார்கள்.)

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என 5 மாவட்டங்களைத் தொட்டு வருகிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை இது. வெள்ளம் வரும் சில வாரங்களில் கிடைப்பதைப் பிடித்து வைத்தால்தான் உண்டு. அதனால் வழியெங்கும் கால்வாய் வெட்டி, கண்மாய் கண்மாயாகத் தேக்கினார்கள். கடைசியில் மிஞ்சுவது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகும். அதுவும் நிரம்பினால்தான் கடல்.

ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக உபரி நீர் அடுத்த கண்மாய்க்கு இறங்கும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இதுதான் கண்மாய்ச் சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருப்பவை எல்லாம் காயும்.

அப்போ தூர்வாரினா போதாதா?

போதாது. பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவதும் இங்கேதான். 'இந்த ஆண்டு இத்தனை கண்மாய்கள் சீரமைப்பு' என்று எண்ணிக்கை சொல்வது எளிது. ஆனால் வரத்துக் கால்வாய் அடைபட்டுக் கிடக்கும்போது கண்மாயை மட்டும் ஆழப்படுத்தினால் வெறும் பள்ளம்தான் மிஞ்சும். மேல் கண்மாயில் கலுங்கை அரை அடி உயர்த்தினால் அந்த ஊருக்குக் கொண்டாட்டம், கீழ் ஊருக்குத் திண்டாட்டம்.

ஆற்றிலும் சிக்கல் உண்டு. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் தரை கீழே போய்விட்டது. கால்வாயின் தலைப்பு மேலே நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் பல இடங்களில் கால்வாய்க்குள் ஏறாது. மதுரையைத் தாண்டும்போது கழிவுநீரும் சேர்ந்துகொள்கிறது. கிருதுமால் நதியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு விஷயம், பறவைக்கு ஆழம் வேண்டாம். நாரை, அரிவாள் மூக்கன், கொக்கு எல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்று மேய்பவை. பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டிய பள்ளத்தில் அவை இறங்காது. கண்மாய் உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூடு கட்டும். சீமைக் கருவேலத்தை அழிக்கிறோம் என்று கிளம்பி நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வேரோடு பிடுங்கினால் கூடு கட்ட இடமிருக்காது. சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இங்கே ஏராளம். அவர்களுக்கு மாற்று வேலை என்ன என்பதையும் திட்டம் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

இங்கேதான் ட்விஸ்ட். மத்திய அரசின் 2017 ஈரநில விதிகள், பாசனத்துக்காகவே கட்டப்பட்ட அமைப்புகளை 'ஈரநிலம்' என்ற வரையறையிலேயே சேர்ப்பதில்லை. சக்கரக்கோட்டை போன்றவை தப்பியது, அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டதால். ஆனால் அந்தச் சரணாலயங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் மேல் கண்மாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கவசம் கிடையாது. கடைசிக் கண்ணிக்குப் பூட்டு போட்டுவிட்டு, சங்கிலியைத் திறந்து போட்ட கதை.

100 ஈரநிலங்களை அடையாளம் கண்டு மீட்கும் இலக்குடன் தமிழ்நாடு அரசு ஈரநில இயக்கம் தொடங்கியிருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் வைகைப் படுகையைப் பொறுத்தவரை தனித்தனிக் கண்மாயாக எண்ணாமல், சங்கிலி சங்கிலியாக எடுத்தால்தான் வேலைக்கு ஆகும். மதுரையில் இயங்கும் தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இந்த முறையில் வேலை செய்து வருகின்றன.

தண்ணீர் யாருக்கு?

1895-ல் கட்டிய முல்லைப் பெரியாறு அணையும், 1959-ல் வந்த 71 அடி வைகை அணையும் இந்தப் படுகையின் கணக்கையே மாற்றிவிட்டன. இப்போது கண்மாய் நிரம்புவது மழையை மட்டும் நம்பி இல்லை, அணை திறப்பு உத்தரவையும் நம்பித்தான். வைகை பூர்வீகப் பாசனத்தில் மூன்று பகுதிகள் உண்டு. வழக்கமாகக் கடைமடையான ராமநாதபுரத்துக்கு முதலில், பிறகு சிவகங்கை, கடைசியாக மதுரை என்ற வரிசையில் திறக்கிறார்கள். விரகனூர், பார்த்திபனூர் மதகணைகளில் தண்ணீர் பிரியும். கடைமடைக்கு முன்னுரிமை என்பது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

மோதல் வருவது அதற்குப் பிறகு. பறவைகள் வடகிழக்குப் பருவமழையோடு வந்து கூடு கட்டி, குஞ்சு பறக்கும்வரை கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும். அதே மாதங்களில்தான் நெல்லுக்கும் மடை திறந்தாக வேண்டும். கதிர் வரும் நேரத்தில் ஒரு தண்ணீர் தவறினால் விவசாயிக்கு மொத்தமும் போச்சு. 'பறவைக்காக மடையை மூடு' என்று அவரிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மடை மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் நீர் தங்கும்படி, சரிவாக வண்டல் எடுப்பது ஒரு வழி. அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு எட்டாது. நாரைக்கும் மீனுக்கும் கோடையில் ஆடு மாட்டுக்கும் ஆகும்.

இதை முடிவு செய்ய யார் யார் வேண்டும்? அணையும் பெரிய கண்மாய்களும் நீர்வளத்துறையிடம். சின்னக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடம். சரணாலயம் வனத்துறையிடம். நில ஆவணம் வருவாய்த்துறையிடம். நான்கு பேரையும் ஒரே மேசைக்குக் கூப்பிடக்கூடியவர் மாவட்டத்தில் கலெக்டர்தான். அவருடைய அதிகாரம் மாவட்ட எல்லையோடு முடிகிறது. வைகையோ 5 மாவட்டங்களின் ஆறு.