சரக்கு வேன்களுக்குக் கூண்டு கட்டுதல்: பட்டறைகளின் தாமதமும் விவசாயிகளின் நஷ்டமும்

கிராமாந்தரங்களில் விளையும் காய்கறி, புஷ்பம், பால், ஆடு, கோழி முதலியவற்றைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதில் சிறு சரக்கு வேன்கள் இப்பொழுது பெற்றிருக்கும் இடம் யாவரும் அறிந்ததே. 2005ஆம் வருஷத்தில் முக்கால் டன் பாரம் ஏற்றும் நான்கு சக்கரச் சிறு வண்டிகள் விற்பனைக்கு வந்தது முதல், மாட்டு வண்டியையோ பஸ் கூரையையோ நம்பியிருந்த குடியானவர்களில் பலர் சொந்தமாகவே வண்டி வாங்கியுள்ளனர். ஆனால் இவ்வண்டிகள் பெரும்பாலும் திறந்த தட்டுடனேயே வாங்கப்படுகின்றன. அத்தட்டு தக்காளிப் பெட்டிக்கும் மல்லிகை மூட்டைக்கும் ஆட்டுக்கும் ஒருங்கே பொருந்துவதில்லை. வெயில் படாத கூண்டு, அடுக்குத் தட்டுகள், காற்றோட்டமுள்ள கம்பி வலை, பக்கவாட்டுக் கதவு என்று அவரவர் சரக்குக்கு ஏற்ப வண்டியை மாற்றியமைக்கப் பட்டறையை நாடவேண்டியிருக்கிறது. தொல்லை ஆரம்பமாவதும் அங்கேதான்.

பத்து நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லி வண்டியை வாங்கி நிறுத்திக்கொள்ளும் பட்டறைக்காரர், இருபதாம் நாள் தகடு வரவில்லை என்பார். முப்பதாம் நாள் வெல்டர் ஊருக்குப் போய்விட்டான் என்பார். அதற்கப்பால் மின்தடை, மழை, பெயிண்டர் வீட்டுக் கல்யாணம் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். டெலிபோனில் கேட்டால் 'நாளைக் காலை' என்னும் விடை தவறாது கிடைக்கும். ஒருவாறு வண்டி வீடு வந்து சேர்ந்தபின் பின்கதவு முழுதும் சாத்தாது. முதல் மழையிலேயே கூரை மூட்டுகளில் நீர் கசியும். கம்பி நசுங்கிப் பின்விளக்கு எரியாது. மறுபடியும் பட்டறைக்கே போகவேண்டும். அங்கு அதற்குள் வேறொருவருடைய வண்டி அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இதனால் நேரும் நஷ்டத்தைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் தக்காளி அனுப்பும் ஒருவரை உதாரணமாகக் கொள்க. சொந்த வண்டி பட்டறையில் இருப்பதால் ஒரு நடைக்கு 1,500 ரூபாய் வாடகை கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், கெடுவுக்கு மேற்பட்ட முப்பது நாட்களில் பதினைந்து நடைக்கு 22,500 ரூபாய் செலவாகிறது. வண்டி ஓடினாலும் நின்றாலும் பாங்கியின் மாதத் தவணை நிற்பதில்லை. பழுக்கத் தொடங்கிய தக்காளியும் பட்டறைக்காரரின் சௌகரியத்துக்காகக் காத்திருப்பதில்லை. புஷ்பப் பயிர்க்காரரின் நிலை இன்னும் கடினம். நிலக்கோட்டைப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறுவது வழக்கம். அவ்விலையை எண்ணிக் கட்டத் தொடங்கிய கூண்டு மாசி மாதத்தில் முடிந்து வருமாயின், அவ்வருஷத்து முதல் அதனாலேயே முடங்கிற்று என்றே கொள்ளவேண்டும்.

இத்தொல்லையின் வேரை ஆராயுமிடத்து, பட்டறைக்காரரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. முற்காலத்தில் ஏர், கொழு, வண்டிச் சக்கரம் முதலிய யாவும் ஊர்த் தச்சராலும் கொல்லராலும் செய்யப்பட்டன. அவர்களுக்குரிய சுதந்திரம் அறுவடைக் களத்தில் நெல்லாகவே அளந்து கொடுக்கப்பட்டது. விதைப்புக்குக் கொழு அடித்துக் கொடுக்காமல் ஏமாற்றிய கொல்லர் அடுத்த அறுவடையில் அதே களத்துக்கு வந்து நிற்கவேண்டியிருந்தது. வாய்ச்சொல் அக்காலத்தில் போதுமானதாயிருந்ததற்கு இக்கட்டுப்பாடே காரணம். அக்காலத்து மனிதர் யாவரும் உத்தமராயிருந்தனர் என்பதன்று. நகரத்துப் புறவழிச் சாலையிலுள்ள பட்டறைக்கும் இருபது மைலுக்கு அப்பாலுள்ள விவசாயிக்கும் அத்தகைய கட்டு எதுவும் இல்லை. ஒரு முறை கூண்டு கட்டியவர் மறுபடி பத்து வருஷம் வரமாட்டார் என்பது பட்டறைக்காரருக்கு நன்கு தெரியும். அவ்வாறிருந்தும் ஊர்க் கொல்லரிடம் வைத்த நம்பிக்கையை அப்படியே அங்கும் கொண்டுசென்று, ஒரு துண்டுக் காகிதமுமின்றி வண்டியையும் சாவியையும் பாதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வருவது வழக்கமாயிருக்கிறது. ஒரு குழி நிலத்தை வாங்குவதற்கு முன் வில்லங்கம் பார்ப்பவர்கள் பல லட்ச ரூபாய் வண்டியை இவ்வாறு விட்டுவருவது விந்தையே.

பட்டறைக்காரரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கைம்முதல் இல்லாத சிறு தொழிலாளி அச்சாரம் வாங்காமல் இரும்பு வாங்க இயலாது. தேர்ந்த வெல்டரும் பிட்டரும் கூடுதல் கூலி கிடைக்குமிடத்துக்குப் போய்விடுகின்றனர். பாதி வேலையில் வந்து, 'கதவை இப்பக்கம் வை, உயரத்தை அரையடி கூட்டு' என்று திட்டத்தை மாற்றும் வாடிக்கைக்காரரும் குறைவல்லர். எனினும் ஒருவருடைய அச்சாரத்தைக் கொண்டு முன்னவருடைய வேலைக்கு இரும்பு வாங்கும் பழக்கமே தாமதங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் என்று தோன்றுகிறது. இடத்தையும் ஆளையும் மீறி வண்டிகளை ஏற்று நிறுத்திக்கொள்வதும் இதனாலேயே. வண்டி முற்றத்தில் நின்றுவிட்டால் வாடிக்கைக்காரர் வேறிடம் போகமாட்டார் என்பது இத்தொழிலின் இரகசியம். ஆதலால் தகடும் குழாயும் வந்து இறங்கி, வேலைக்கு ஆளும் இடமும் ஒழிந்த பின்னரே வண்டியை விடுவது என்னும் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கையாண்டாலே பாதித் தொல்லை தீரும். இயன்றவர்கள் இரும்பைத் தாங்களே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசிக்கொள்வது இன்னும் உத்தமம்.

தாமதத்தைக் காட்டிலும் அபாயமானது அறியாமையால் செய்யப்படும் வேலை. 'கனமாயிருந்தால் உறுதி' என்ற எண்ணம் பட்டறைகளில் பரவியிருக்கிறது. ஏழடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி உயரமுள்ள கூண்டுக்கு நான்கு பக்கமும் கூரையும் சேர்ந்து சுமார் 179 சதுர அடி, அதாவது 16.6 சதுர மீட்டர் தகடு வேண்டும். 1.2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ நிறையுள்ளது. 2 மில்லிமீட்டர் தகடு 15.7 கிலோ. முன்னதில் கூண்டின் தகடு மட்டும் சுமார் 156 கிலோவும், பின்னதில் சுமார் 261 கிலோவும் ஆகும். சட்டங்களின் நிறை வேறு. முக்கால் டன் வண்டியில் இந்த 105 கிலோ வித்தியாசம் ஒவ்வொரு நடையிலும் நான்கைந்து பெட்டித் தக்காளியை வீட்டிலேயே விட்டுச் செல்வதற்குச் சமம். அலுமினியத் தகடு விலை அதிகமாயினும், ஒரே கனத்தில் இரும்பின் நிறையில் மூன்றிலொரு பங்கே உடையது. தட்டையும் உயரத்தையும் கனமாக்கிவிட்டு, அதைத் தாங்கப் பின்பக்கம் கூடுதலாக ஒரு பட்டை வைத்துக் கொடுப்பதாகச் சொல்லும் மேஸ்திரிகளும் உண்டு. பட்டை கூடினால் வண்டி தாழாதேயன்றி, அச்சின் வலிவும் பிரேக்கின் சக்தியும் கூடுவதில்லை. சட்டம் அனுமதிக்கும் பாரமும் கூடுவதில்லை.

கூண்டைச் சேசிஸின் நீளச் சட்டத்தோடு நேரே வெல்டிங் செய்தல் தவறு. வெல்டிங்கின் சூட்டில் சட்டத்தின் உருக்கு வலிவிழந்து, நாளடைவில் அவ்விடத்திலேயே வெடிப்புக் காணும். சட்டத்தின் மேல் கீழ் விளிம்புகளில் துளையிடுவதும் அவ்வாறே. இடையில் மரம் அல்லது ரப்பர் வைத்து, 'யு' போல்ட்டுகளால் பிணைப்பதே முறை. 2020ஆம் வருஷம் ஏப்ரல் முதல் விற்கப்படும் புது வண்டிகளில் எஞ்சினை நடத்துவது எலெக்ட்ரானிக் கருவியாதலால், வெல்டிங் செய்யுமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றாவிட்டால் அக்கருவி பழுதாகக்கூடும். இதை எத்தனை பட்டறைகள் செய்கின்றன என்பதை விவசாயிகள் ஒருமுறை அருகில் நின்று கவனித்தல் நலம். வெல்டிங் மூட்டுகளுக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடிக்கப்பட்டதா என்பதையும் மேல்வர்ணம் பூசுமுன்னரே பார்க்கவேண்டும். வர்ணம் பூசியபின் எல்லா மூட்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

சட்ட விஷயமும் சொந்தக்காரர் தலையிலேயே விடிகிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுப் பத்திரத்தில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. 2019ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வருஷத்திலேயே செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறைவாசமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 'ஆர்.டி.ஓ. ஆபீஸில் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பட்டறைக்காரர் சொல்லும் ஆறுதல் வார்த்தை தகுதிச் சான்று பெறும் நாளில் பயன்படாது. ஆகையால் கூண்டின் வரைபடத்தையும் அளவுகளையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே காட்டி, அனுமதி எழுத்துமூலமாகக் கிடைத்த பின்னரே தகடு வெட்டவேண்டும். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடவேண்டும்; தெரிவிக்காத மாற்றம் விபத்துக் காலத்தில் பணம் மறுப்பதற்கு ஒரு வழியாகும்.

பட்டறையாருடன் ஒப்பந்தம் எழுதுவதற்கு வக்கீல் வேண்டியதில்லை. தமிழில் ஒரு தாள், இரண்டு பிரதி போதும். கூண்டின் அளவு, தகட்டின் கனம், கதவுகளின் எண்ணிக்கை, மொத்தக் கூலி, முடிக்கவேண்டிய தேதி, கெடு கடந்தால் நாளொன்றுக்குக் குறைக்கப்படும் தொகை ஆகியவற்றைக் குறித்து இருவரும் கையெழுத்திடவேண்டும். அச்சாரம் இரும்பின் விலைக்கு மேற்படலாகாது. சட்டங்கள் நின்றபின் ஒரு பகுதியும், தகடு அடித்தபின் ஒரு பகுதியும் கொடுத்து, தண்ணீர் ஊற்றிக் கூரை ஒழுக்கைப் பரீட்சித்த பிறகே கடைசிப் பகுதியைக் கொடுக்கவேண்டும். வண்டியை விடும் நாளில் கிலோமீட்டர் கணக்கு, டீசல் அளவு, பாட்டரியின் எண், டயர்களின் எண், ஸ்டெப்னி, ஜாக்கி ஆகியவற்றையும் அத்தாளிலேயே எழுதிக்கொள்வது அவசியம். வாடிக்கைக்காரர் வண்டியில் பட்டறைக்குச் சாமான் ஏற்றி வருவது கேள்விப்படாத விஷயமன்று. கிலோமீட்டர் கணக்கு அதை மறைக்க விடாது.

தனி ஒருவர் கரார் பேசினால் 'வேறிடம் பாருங்கள்' என்று அனுப்பிவிடுவார்களே என்னும் ஆட்சேபம் உண்மையானதே. பேரம்பேசும் வலிமை எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் பத்துப் பேர் காய்கறிக் கூண்டு கட்டுவதாயிருந்தால், உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோ கூட்டுறவுச் சங்கமோ ஒரே அளவில் ஒரே பட்டறைக்கு வேலையைக் கொடுத்து, ஒவ்வொரு வண்டியாக வரிசையில் விடலாம். அடுத்த வேலையை எண்ணியாவது முதல் வேலை கெடுவில் முடியும். களத்துச் சுதந்திரம் செய்த காரியத்தை இதுவே இக்காலத்தில் செய்யவல்லது. வேளாண்மைப் பொறியியல் துறையினர் காய்கறி, புஷ்பம், ஆடு ஆகியவற்றுக்குத் தக்க சில மாதிரிக் கூண்டுகளின் வரைபடங்களை, போக்குவரத்து அதிகாரிகளின் சம்மதத்துடன் தயாரித்து வழங்குவரேல், பட்டறைதோறும் புதிது புதிதாகத் தவறு செய்யும் நிலைமை மாறும். மானியம் வழங்குவதைவிட இது செலவு குறைந்த உதவி.

இவ்வளவுக்குப் பின்னும் பிணக்கு நேரிடின், முழுக் கூலியும் கொடாதவரை வண்டியை நிறுத்தி வைக்கப் பட்டறையாருக்கு 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது என்பதை மறக்கலாகாது. ஆனால் அவ்வுரிமை பேசியபடி முடித்த வேலைக்கே உரியது. தம் குற்றத்தால் உரிய காலத்தில் வண்டியைத் திருப்பிக் கொடாதவர், அதன்பின் நேரும் சேதத்துக்குப் பொறுப்பாளி என்று 161ஆம் பிரிவு கூறுகிறது. ஊர்ப் பெரியவர்களும் கிராம அதிகாரிகளும் சமரசம் செய்துவைக்கும்போது, 'இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்' என்று வாயால் முடித்துவிடாமல், புதிய தேதியை எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்களாயின் பெரும் உபகாரமாகும்.

அதுவும் பயனற்றுப்போனால் ஜில்லா நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்துகொள்ளலாம். கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாதிருப்பின் கட்டணமில்லை. எதிர்க்கட்சியார் 'வியாபார நோக்கத்துக்கான வண்டி' என்று ஆட்சேபிப்பது வழக்கமாதலால், சொந்த நிலத்து விளைபொருளைக் கொண்டு செல்லவும் பிழைப்புக்காகவும் வைத்திருக்கும் வண்டியே என்பதைக் காட்டச் சிட்டா, அடங்கல் நகல்களை மனுவுடன் சேர்க்கவேண்டும். அடங்கலில் அவ்வருஷத்துப் பயிர் சரியாகப் பதிவாகியிருப்பதைக் கிராம நிர்வாக அலுவலர் முன்கூட்டியே பார்த்துக் கொடுப்பது நலம். மனுவுக்கு முன் யோசனை கேட்க விரும்புவோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் விசாரிக்கலாம்.