எள்ளி நகைப்போரும் ஏவல் செய்வோரும்

தொழில்நுட்பக் கம்பனிகளைப் பற்றிய செய்திகளை நாள்தோறும் வாசிக்கும் ஆங்கில வாசகர் கூட்டமொன்று உண்டு. தாம் வாசிக்கும் துறையையே இத்துணை இகழும் வாசகரை வேறெத்துறையிலும் காண்டல் அரிது. புதிய பொறியொன்று அரங்கேறிய அன்றே அதனைப் பரிகசித்து நான்கு வரி எழுதிவிடுவர். கம்பனித் தலைவர்க்குப் பட்டப்பெயர் சூட்டுவர். ஐந்தாண்டுகட்கு முன்னர் அத்தலைவர் அளித்த வாக்குறுதியைத் திகதியோடு எடுத்துக்காட்டி, அது யாதாயிற்று என வினவுவர். இலண்டனில் 1994இல் தோன்றிய 'த றெஜிஸ்ரர்' என்னும் கணினிச் செய்தியேடு, தனக்கு உணவூட்டும் கையைக் கடிப்பதே தன் தொழிலெனத் தன் முகப்பிற் பொறித்து வந்தது. அவ்வேட்டின் வாசகரோ அதன் ஆசிரியரையும் விஞ்சிக் கடிப்பவராயினர்.

இவ்வாசகரைக் கண்டிப்போர் தொகையும் இன்று பெருகியுள்ளது. இவர்கள் எதனையும் ஆக்காது யாவற்றையும் பழிப்பவர், முன்னேற்றத்தின் பகைவர் என்பது கண்டனத்தின் சாரம். அமெரிக்கத் துணிகர முதலீட்டாளரான மார்க் அன்றீசன் 2023 ஒக்டோபரில் வெளியிட்ட 'தொழில்நுட்ப நன்னம்பிக்கையாளர் பிரகடனம்' பகைவர் பட்டியலொன்றையே தந்துள்ளது. சமூகப் பொறுப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, தொழில்நுட்ப அறம் ஆகியன அப்பட்டியலில் அடங்கும். பிரகடனம் என்ற சொல்லை முதலீட்டாளர் கையாளத் தொடங்கிவிட்ட காலத்தில் ஏனையோர்க்குச் சிரிப்பைத் தவிர வேறு எச்சொல் எஞ்சும் என்பதும் வினவத்தக்கதே. ஐயுறுவோர் மீது இன்று வீசப்படும் 'லடைற்' என்னும் வசைச்சொல்லின் வரலாற்றை இக்கண்டனகாரர் மறந்துவிடுகின்றனர். 1811இல் நொற்றிங்காம் பகுதியில் நெசவுப்பொறிகளை உடைத்த தொழிலாளர் பொறியின் பயனை அறியாத மூடரல்லர். பொறியைக் காட்டிக் கூலியைக் குறைத்த முதலாளிமாரை அவர்கள் நன்கறிந்திருந்தனர். 1812இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பொறியுடைப்புக்கு மரணதண்டனை விதித்துச் சட்டம் இயற்றியது. பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசியவருள் கவிஞர் பைரனும் ஒருவர்.

நிற்க, பரிகசிக்கும் இவ்வாசகர் யாவர்? கண்டனகாரர் இவ்வினாவை எழுப்புவதேயில்லை. எழுப்பின் அவர்தம் வாதம் நிலைகுலையும். இத்தகைய ஏடுகளைத் தேடி வாசிப்போரிற் பெரும்பாலார் இத்தொழிலிலேயே ஊதியம் பெறுவோர். கம்பனிகளின் கணினிகளை இரவும் பகலும் பராமரிப்போர், பிறர் எழுதிய மென்பொருளின் பிழைகளைத் திருத்துவோர், தொலைபேசியில் வாடிக்கையாளரின் ஏச்சைக் கேட்போர். 2024 யூலை 19ஆம் நாள் நிகழ்ந்ததை நோக்குக. கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருட் கம்பனி உலகெங்கும் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தற் கோப்பொன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரை காட்டிச் செயலிழந்தன. விமானங்கள் பறக்கவில்லை, மருத்துவமனைகளில் நோயாளர் காத்துநின்றனர். பழுதுற்ற கணினி தன்னை மீளத் தொடக்கவே இயலாதிருந்தமையால், தொலைவிலிருந்து அதனைத் திருத்துதல் பெரும்பாலும் கூடாததாயிற்று. ஊழியர் கணினி கணினியாகச் சென்று, பாதுகாப்பு நிலையில் இயக்கி, அக்கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. நாட்கணக்கில் அவர்கள் உறங்கவில்லை. பாதிப்புற்ற பங்காளிகட்கு நன்றி கூறுமுகமாக அக்கம்பனி பத்து டொலர் பெறுமதியான உணவுச் சீட்டுகளை அனுப்பிற்று. பலர் ஒரே வேளையிற் பயன்படுத்த முனைந்தமையால், உணவு விநியோகக் கம்பனியின் கணினி அவற்றை மோசடியென ஐயுற்று மறுத்துவிட்டது. இதனை வாசித்து நகையாதவன் ஒன்றிற் கம்பனித் தலைவனாதல் வேண்டும், அன்றேல் ஞானியாதல் வேண்டும்.

ஆகவே இவ்வெள்ளலை வெறும் மனக்கசப்பு என ஒதுக்குதல் தகாது. தொழிலின் உள்ளிருந்து பெற்ற அறிவு தன்னை வெளிப்படுத்தும் வாயிலின்றி நகையாக வெளிவருகின்றது. தொழிற்சங்கம் பெரும்பாலும் வேரூன்றாத துறை அது. மேலாளரிடம் கூறினால் பதவியுயர்வு போம். பத்திரிகைக்குக் கூறினால் வேலையே போம். எஞ்சியிருப்பது புனைபெயரில் எழுதப்படும் ஒரு வரிக் கேலியே. அன்றியும், பத்திரிகைகள் தம் கடமையிற் பெரும்பகுதியைக் கைவிட்டு, கம்பனிகளின் அறிக்கைகளை மொழிநடை திருத்தி வெளியிடும் அச்சுக்கூடங்களாக மாறிய காலத்தில், பழையதை நினைவில் வைத்திருக்கும் பணியை இக்கேலியாளரே ஏற்றனர். பழச்சாறு பிழியும் பொறியொன்றை விற்ற ஜூசெரோ கம்பனி ஏறத்தாழ 12 கோடி டொலர் முதலீடு திரட்டியது. முதலில் 699 டொலருக்கு விற்கப்பட்ட அப்பொறி செய்யும் வேலையை வெறுங்கையாலேயே செய்யலாம் என 2017 ஏப்பிரிலில் புளூம்பேர்க் செய்தியாளர் செய்து காட்டினர். அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே கம்பனி மூடப்பட்டது. செய்தியேடுகள் அடுத்த அற்புதப் பொறிக்குச் சென்றுவிட்டன. வாசகரோ இன்றும் அதனை மறந்தாரல்லர்.

ஆட்குறைப்புச் செய்திகளிலே இவ்வெள்ளல் தன் கூர்மையின் உச்சத்தை எய்துகின்றது. 2022 நவம்பரில் மெற்றாக் கம்பனி 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகிளின் தாய்க் கம்பனி ஏறத்தாழ 12,000 பேரையும் நீக்கின. இரு கம்பனித் தலைவர்களும் இந்நிலைமைக்கான பொறுப்பைத் தாமே ஏற்பதாக எழுதினர். பொறுப்பை ஏற்றவர் பதவியில் இருந்தார்; பொறுப்பற்றவர் வீடு சென்றார். பெரும்பாலும் பங்குகளாக வழங்கப்பட்ட கூகிள் தலைவரின் 2022ஆம் ஆண்டு ஊதியம் 22 கோடி டொலரைத் தாண்டியதென்பது பின்னர் வெளியான ஆவணத்தால் அறியவந்தது. இதற்குமேல் அங்கதம் எழுதுவதற்கு எழுத்தாளன் தேவையில்லை, கணக்காளன் போதும்.

இவ்வளவு கூறியபின், எள்ளுவோர் எப்பொழுதும் சரியாகவே எள்ளினர் எனக் கொள்ளுதலும் பிழையாம். 2001 ஒக்டோபரில் அப்பிள் கம்பனி ஐபொட் என்னும் சிறு இசைப்பொறியை வெளியிட்டபோது, கணினியாளரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்த செய்தித்தளமொன்றின் ஆசிரியர், கம்பியில்லாத் தொடர்பு அதற்கில்லை என்றும், போட்டிப் பொறியினும் கொள்ளளவு குறைவென்றும் கூறி ஒரே வரியில் அதனைத் தள்ளிவிட்டார். அப்பொறியே அக்கம்பனியை உயர்த்திய ஏணியாயிற்று. பொறியின் உறுப்புகளை எண்ணத் தெரிந்தவருக்கு அதனை விரும்பி வாங்கும் மனிதரை எண்ணத் தெரியவில்லை. எனினும் இது எள்ளலின் சிறு குறையே. அதன் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. அதனைக் காணத் தமிழிலக்கிய மரபு ஓரளவு துணைசெய்யும்.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக வகுத்தது. (வகுத்தலில் வல்ல நம் புலவர் மரபு, வகுத்ததைப் பயன்படுத்துவதில் அத்துணை வன்மை காட்டியதில்லை என்பது வேறு கதை.) வெளிப்படப் பழித்தல் முன்னையது; பழியை மறைத்துக் கூறல் பின்னையது. பின்னையதன் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், நெய் பூசி மயிற்பீலி சூட்டிக் காவல்மனையில் வைக்கப்பட்டிருந்த அவன் படைக்கலங்களைப் புகழ்வார் போன்று, தம் மன்னனின் வேல்களோ போரில் முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். மேடையில் ஒளியூட்டி அறிமுகம் செய்யப்படும் பொறிக்கும், பழுதுற்று ஊழியன் மேசையிற் கிடக்கும் பொறிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொல்ல இதனினும் பொருந்திய உவமை கிடைத்தல் அரிது. ஆயின் மனங்கொள வேண்டியது பிறிதொன்று. ஔவையார் அதனைத் தொண்டைமானின் முகத்துக்கு எதிரே நின்று கூறினார். அக்கூற்றுக்கு ஒரு கேட்போன் இருந்தான். அவன் செய்யவிருந்த போர் ஒன்று இருந்தது.

இன்றைய எள்ளலுக்கோ கேட்போர் இல்லை. எள்ளுவோர் எள்ளுவோருக்கே எழுதுகின்றனர். ஒருவர் கேலியை மற்றவர் பாராட்டுகின்றார். பொழுது விடிந்ததும் இருவரும் அதே கம்பனியின் வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி நுழைகின்றனர். ஏமாறாதவன் என்னும் பெருமிதம் அவர்கட்குப் போதுமான கூலியாகிவிடுகின்றது. முதலாளியத்துக்கு இதனால் யாதொரு நட்டமுமில்லை. நம்பிப் பணிபுரியும் ஊழியனும் நகைத்துப் பணிபுரியும் ஊழியனும் உற்பத்திக் கணக்கில் ஒரே எண்ணிக்கையாவர். இன்னொரு தீங்கும் உண்டு. யாவும் மோசடியே என நாள்தோறும் கூறிப் பழகியவன், உண்மையான மோசடி எதிர்ப்படும்போது வியப்பதில்லை; வியவாதவன் சினப்பதுமில்லை.

வேறுவகையாகச் செயற்பட்டோரும் இத்துறையில் உளர். அவர்கள் எழுதியவற்றில் நகை குறைவு. ஒரு துளிக் குருதியில் எண்ணற்ற நோய்களைக் கண்டறிவதாகக் கூறி, 900 கோடி டொலர் மதிப்பிடப்பட்ட தெரானோஸ் கம்பனியின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த எறிக்கா சியூங் என்னும் இளம்பெண் 2015இல் அரசின் ஒழுங்காற்றுத் துறைக்குக் கடிதம் எழுதினார். கம்பனியின் நிறுவுநருக்கு 2022இல் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2018இல் கூகிள் ஊழியர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர், போர்த்துறைக்கான 'மேவன்' திட்டத்தைக் கைவிடுமாறு தம் பெயரிட்டுக் கையொப்பமிட்டனர். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லையென அவ்வாண்டு யூனில் கம்பனி இணங்கியது. வெற்றி நிலைத்ததா என்பது வேறு வினா. 2025 பெப்ரவரியில், செயற்கை நுண்ணறிவை ஆயுதங்கட்குப் பயன்படுத்துவதில்லை என்ற வாக்குறுதியை அதே கம்பனி தன் கொள்கை ஏட்டிலிருந்து நீக்கிக்கொண்டது. அவ்வேளையிலும் கேலிக்குக் குறைவிருக்கவில்லை, கையொப்பங்களே குறைந்திருந்தன.

அறிவு வாய்மூடியிருந்தமையின் விலையைப் பிரித்தானியத் தபாற்கந்தோர் வழக்கைப் போல வேறெதுவும் காட்டாது. பியூஜிற்சுக் கம்பனியின் 'ஹொரைசன்' என்னும் கணக்குமுறை 1999 முதல் அந்நாட்டுத் தபாற்கந்தோர்களில் நிறுவப்பட்டது. கணக்கில் இல்லாத குறைகளை அது காட்டியது. உப தபாலதிபர்கள் அத்தொகையைத் தம் கைப்பணத்தாற் கட்டினர்; கட்ட இயலாதோர் திருடரெனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2015 வரையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். 2010இல் கருவுற்றிருந்த பெண்ணொருவருக்குப் பதினைந்து மாதச் சிறை விதிக்கப்பட்டது. கணினி செவ்வனே இயங்கியது என்பதை வழக்குத் தொடுப்போர் மெய்ப்பிக்க வேண்டுமெனக் கூறிய சட்டப்பிரிவு அந்நாட்டில் 2000ஆம் ஆண்டளவில் நீக்கப்பட்டிருந்தது. ஆகவே பொறி கூறியதே மெய்யென நீதிமன்றம் அனுமானித்தது. கணினியோடு ஒரு கிழமையேனும் பழகிய எந்த ஊழியனும் வாய்விட்டு நகைத்திருக்கக்கூடிய அனுமானம் இது. நகைக்கத் தெரிந்தவர் நாடெங்கும் இருந்தனர். நீதிமன்றக் கூண்டருகே அவர்கள் இருக்கவில்லை.

கிளைகளின் கணக்குகளை வெளியிலிருந்து எவரும் தீண்ட இயலாது என்றே தபால் நிருவாகம் நெடுங்காலம் கூறிவந்தது. தீண்ட இயலும் என்பதை பியூஜிற்சுவின் ஊழியர் அறிந்திருந்தனர். அங்கு முன்னர் பணிபுரிந்த ஒருவர் 2015இல் பி.பி.சி. நிகழ்ச்சியில் அதனை வெளிப்படக் கூறி, பின்னர் நீதிமன்றத்திலும் சாட்சியமளித்தார். அதற்கு முன்னரே, 2003இல் தன் தபாற்கந்தோரை இழந்த அலன் பேற்ஸ் என்பவர், தன்னையொத்தோரை ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருந்தார். 'கொம்பியூட்டர் வீக்லி' என்னும் தொழில்துறை ஏடு 2009 மே மாதத்தில் எழுவரின் கதையை அச்சேற்றிற்று. அவ்வாண்டு இறுதியில் கிராம மண்டபமொன்றிற் கூடிய சிறு கூட்டம் பத்தாண்டுகளில் 555 வழக்காளிகளாக வளர்ந்தது. 2019 டிசெம்பரில் தீர்ப்பளித்த நீதியரசர் பிரேசர், தபால் நிருவாகம் எடுத்த நிலைப்பாட்டை, பூமி தட்டையானதென இந்நூற்றாண்டிற் சாதிப்பதற்கு ஒப்பிட்டார். அந்த நீண்ட விசாரணையில் எள்ளலுக்கு அண்மித்த கூற்று அது ஒன்றே எனலாம். அதனைக் கூறுவதற்கு அவர் பல நூறு பக்கச் சான்றுகளை வாசிக்க வேண்டியிருந்தது.

இணக்கத் தொகையாக 5 கோடியே 77½ இலட்சம் பவுண் வழங்கப்பட்டது. வழக்குச் செலவு கழிந்தபின், 555 பேருக்கும் தலைக்கு 20,000 பவுண் அளவிலேயே மிஞ்சியது. எஞ்சியோரின் குற்றத்தீர்ப்புகளைச் சட்டத்தால் நீக்குவதற்குப் பாராளுமன்றம் 2024 மே வரை எடுத்துக்கொண்டது. அதுவும் அவ்வாண்டு ஜனவரியிலே தொலைக்காட்சி நாடகமொன்று நாட்டு மக்களைச் சினங்கொள்ளச் செய்த பின்னரே.